லாரி ஆபீசுக்கு வாங்கிய ஊதும் கருவி: அது காட்டுவதும், சாலையில் காவலர் பார்ப்பதும்

சங்ககிரியில் உள்ள எங்கள் லாரி ஆபீசில், லோடு ஏற்றிய வண்டி புறப்படுவதற்கு முன் ஓட்டுநரை ஊதச் சொல்லிப் பார்ப்பதற்காகக் கையடக்கமான மூச்சுப் பரிசோதனைக் கருவி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். ஃப்யூயல் செல் சென்சார் பொருத்தப்பட்ட வகை; விலை ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். ஒரே கருவி இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைக் காட்டிலும் வகையைப் பற்றி எழுதுவதே வாங்குபவருக்குப் பயன்படும். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும்.

கருவியைப் பார்க்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "இதில் பச்சை எரிந்தால் ரோட்டில் போலீஸ் பிடிக்காது அல்லவா?" என்பதுதான். பிடிபடாமல் குடிப்பதற்கு இது துணை செய்யும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு வாங்கினால் பணம் வீண். அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. சாலைச் சோதனையில் காவலர் எதைப் பார்க்கிறார், எந்த வரிசையில் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டால், இந்தக் கருவிக்கு உண்மையில் என்ன வேலை என்பதும் விளங்கும்.

காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மாமா ஒருவர் ஆபீசுக்கு வந்திருந்தபோது கருவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிசினு கடேசியாத்தான் மாப்ள. வண்டி வர்ற வரத்தப் பாத்தாலே பாதி தெரிஞ்சு போயிரும்." சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் இரவுப் பணி பார்த்தவர் அவர். பேரிகார்டுகளை முன்னும் பின்னுமாக வைத்து வண்டிகளை வளைந்து வரச் செய்வது வேகத்தைக் குறைப்பதற்கு மட்டும் அல்ல என்றார். தெளிவாக இருப்பவர் முதல் தடுப்பைப் பார்த்ததுமே கியரைக் குறைத்து, ஒரே சீராக வளைந்து வருவார். மது அருந்தியவர் தடுப்பைத் தாமதமாகக் கவனிப்பார், திடீரென்று பிரேக் போடுவார், அல்லது தேவைக்கு மேல் ஊர்ந்து வருவார். வேகம் மட்டும் அடையாளம் இல்லை. காலியான சாலையில் காரணமின்றி மெதுவாகப் போவதும் அடையாளம்தான். முன்விளக்கைப் போட மறந்திருப்பது, திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருப்பது, இரண்டு தடங்களுக்கு நடுவில் கோட்டின் மேலேயே ஓட்டுவது, வளைவில் தேவைக்கு அதிகமாக அகலம் எடுப்பது, சோதனையைத் தொலைவில் பார்த்ததும் வண்டியைத் திருப்புவது ஆகிய எல்லாமே அவர்கள் கண்ணில் படுகின்றன. இரு சக்கர வாகனம் என்றால், ஐம்பது அடிக்கு முன்பே என்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருபவரைத்தான் முதலில் நிறுத்துவார்களாம்.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இவ்வகை அறிகுறிகளை ஆய்வு செய்து 24 ஆகத் தொகுத்து, தடத்தில் நிலைத்திருப்பதில் தடுமாற்றம், வேகமும் பிரேக்கும், விழிப்பு, முடிவெடுக்கும் திறன் என்று நான்கு பிரிவாக்கி அந்நாட்டுக் காவலர்களுக்குப் பயிற்சி தருகிறது. மாமா அந்தத் தொகுப்பைப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் அவர் வாய்மொழியாகச் சொன்ன ஒவ்வொன்றும் அந்த நான்கு பிரிவுகளில் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மது முதலில் கெடுப்பது ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனிக்கும் ஆற்றலை. வண்டி ஓட்டுவது முழுக்க முழுக்க அந்த ஆற்றலால் நடக்கிற வேலை. எனவே எந்த நாட்டுச் சாலையானாலும் அறிகுறிகள் ஒன்றாகவே இருக்கின்றன.

வண்டி நின்ற பிறகு நடப்பதை மாமா விவரித்தபோது, நான் அதுவரை சாதாரணமாக நினைத்திருந்த பல செயல்களுக்குக் காரணம் புரிந்தது. கண்ணாடியை முழுவதும் இறக்கச் சொல்வது வாடைக்காக. பாதி இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்பவர், பேசும்போது வாயை மூடிக்கொள்பவர், வாய் நிறைய வெற்றிலையோ பாக்குப் பொட்டலமோ போட்டு மென்றுகொண்டிருப்பவர் ஆகியோரிடம் கூடுதலாக ஒரு நிமிடம் பேசுவார்கள். பிறகு ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். ஓட்டுநர் டேஷ்போர்டில் தேடிக்கொண்டிருக்கும்போதே, "என்ன லோடு? எங்கிருந்து வரீங்க? எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" என்று குறுக்கே கேள்வி விழும். தெளிவாக இருப்பவர் பதிலும் சொல்வார், கையும் தேடும். மது அருந்தியவர் பதில் சொல்லத் தொடங்கியதும் தேடுவதை நிறுத்திவிடுவார். அல்லது கேட்டது மூன்று, எடுத்துக் கொடுப்பது ஒன்றாக இருக்கும். லைசென்ஸ் கேட்டால் ஏ.டி.எம். அட்டை வரும். காகிதங்களைச் சோதிப்பதாக ஓட்டுநர் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் சோதிக்கப்படுவது அவருடைய கவனம்.

லாரி ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்வதும் அப்படித்தான். கேபினிலிருந்து இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது: கைப்பிடியைப் பிடித்து, முகம் கேபினைப் பார்க்க, படியில் கால் வைத்துப் பின்பக்கமாக இறங்க வேண்டும். பல ஆண்டு ஓட்டியவருக்கு அது உடம்பில் ஊறிய பழக்கம். அப்படிப்பட்டவர் முன்பக்கமாகத் திரும்பிக் குதித்தாலோ, படியைக் காலால் துழாவினாலோ, இறங்கிய பின்பும் கைப்பிடியை விடாமல் நின்றாலோ, ஏட்டு அடுத்து எடுப்பது ஊதும் கருவியைத்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் ஓட்டுநர்கள் வண்டியில் ஏறி இறங்குவதை நானும் கவனிக்கிறேன். எந்தக் கருவியும் இல்லாமல், செலவும் இல்லாமல் கிடைக்கிற சோதனை அது.

அமெரிக்கச் சாலைகளில் செய்வதுபோல் குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது காலடி நேர்கோட்டில் நடக்கச் சொல்வது, முப்பது வினாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது, பேனாவை அசைத்து விழி துடிக்கிறதா என்று பார்ப்பது ஆகிய முறையான சோதனைகள் நம் ஊர்ச் சாலையில் வழக்கத்தில் இல்லை. நம்முடைய சட்டம் எண்ணைக் கேட்கிறது. அதற்கு ஒரு பின்னணியும் உண்டு. மது வாடை, தள்ளாட்டமான நடை, விரிந்த கண்பாவை, குழறிய பேச்சு ஆகியவை மட்டுமே ஒருவர் குடித்திருந்தார் என்பதை மெய்ப்பிக்கப் போதுமானவை அல்ல என்று 1971இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் கூறியது. எனவே காவலரின் கண்ணும் மூக்கும் சந்தேகத்துக்குக் காரணம் தருகின்றன. குற்றத்தை நிறுவுவது அளவு.

அந்த அளவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அதற்கு மேல் இருப்பதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 203ஆம் பிரிவின்படி, நியாயமான சந்தேகம் இருந்தால் சீருடையில் உள்ள காவலர் மூச்சு மாதிரி கேட்கலாம். ஊத மறுப்பது தப்பிக்கும் வழி என்று இன்னமும் சில ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். அது தவறு. மறுத்தாலும், காவலருக்குச் சந்தேகம் கொள்ளக் காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். 204ஆம் பிரிவின்படி மருத்துவரிடம் அழைத்துப்போய் இரத்த மாதிரி எடுக்கலாம். தக்க காரணமின்றி மறுத்ததே பிறகு எதிரான சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டுநருக்குப் பாதுகாப்பான விதிகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லியாக வேண்டும்: கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் இந்தப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விடுவிக்க வேண்டும், சோதனைக் கருவி மத்திய அரசு அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும், பெண் என்றால் இரத்தம் எடுப்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும், அல்லது பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இனிக் கருவிக்கு வருகிறேன். சந்தையில் இரண்டு வகை உண்டு. மலிவாகக் கிடைப்பவை செமிகண்டக்டர் சென்சார் கொண்டவை; விலை கூடியவை ஃப்யூயல் செல் சென்சார் கொண்டவை, அதில் பிளாட்டினம் மின்முனையில் ஆல்கஹால் வினைபுரிந்து உண்டாகும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. எங்கள் பக்கத்து ஆபீசில் முதல் வகை இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மதுவையே தொடாத, நெடுநாள் சர்க்கரை நோயாளியான கணக்கர் ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஊதியபோது, மலிவான கருவி மஞ்சள் விளக்கைக் காட்டியது. எங்களுடையது பூஜ்யம் காட்டியது. சர்க்கரை கட்டுப்படாமல் இருக்கும்போது மூச்சில் வரும் அசிட்டோன் செமிகண்டக்டர் சென்சாரை ஏமாற்றக்கூடும். ஃப்யூயல் செல் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு மனிதரின் பிழைப்பும் மானமும் இந்த விளக்கின் நிறத்தில் தொங்கும்போது, சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக முதல் வகையை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்யூயல் செல் கருவியையும் அப்படியே நம்பிவிட முடியாது. வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலுக்கும் நுரையீரலிலிருந்து வரும் ஆல்கஹாலுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. மவுத்வாஷ் கொப்பளித்த உடனே, தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்ட மருந்து குடித்த உடனே, ஹோமியோபதிச் சொட்டு மருந்து நாக்கில் விட்ட உடனே ஊதினால் பெரிய எண் வரும். பதினைந்து நிமிடம் பொறுத்து, வாயை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஊதினால் அது இறங்கிவிடும். இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அப்படி இறங்காது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பந்தளம் பணிமனையில் பலாச்சுளை தின்ற ஓட்டுநர்களுக்குக் கருவி எண் காட்டியது 2025இல் செய்தியானது. அங்கும் பலாவைத் தின்னச் செய்து மறுபடி ஊதிப் பார்த்துத்தான் உண்மையைக் கண்டுகொண்டார்கள். சாலையில் காவலர் ஊதச் சொல்லும்போதும், அப்போதுதான் மருந்து குடித்திருந்தால் பணிவாக அதைச் சொல்லி, சற்றுப் பொறுத்து இரண்டாம் முறை ஊத அனுமதி கேட்பது நல்லது. சட்டமே "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட" மூச்சு மாதிரிகள் என்றுதான் சொல்கிறது.

ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது இன்னொரு கட்டாயம். முன்னவர் ஊதிய மூச்சின் மிச்சம் உள்ளே தங்கியிருக்கலாம். கையில் சானிடைசர் தடவிக்கொண்டு கருவியைப் பிடித்தாலும் எண் ஏறும். வெற்றுச் சோதனையிலேயே எண் காட்டிய கருவியின் அறிக்கையை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற பொருளில் கேரள உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். எங்கள் கருவியில் இந்த வெற்றுச் சோதனை தானாகவே நடக்கிறது. திரையில் பூஜ்யம் வந்த பிறகே "ஊது" என்ற குறி தோன்றுகிறது. ஓட்டுநரையும் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஊதக் கொடுக்கிறோம்.

பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அலகை மாற்றுவது. வரும்போது சதவீத அலகில் அமைத்து வருகிறார்கள். அதில் சட்ட வரம்பு 0.030 என்று தெரியும். 0.045 என்று காட்டினால், பார்ப்பவர் "புள்ளிக்கு அப்புறம்தானே, ஒன்றுமில்லை" என்று நினைத்துவிடுவார். உண்மையில் அது 45 மில்லிகிராம், வரம்பைப் போல ஒன்றரை மடங்கு. வேறு சில கருவிகள் மூச்சின் அளவை லிட்டருக்கு மில்லிகிராம் என்று காட்டும். அதில் வரம்பு 0.14 மட்டுமே. 100 மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகுக்கு மாற்றி வைத்தால் 30 என்ற எண் நேராகத் தெரியும், காவலரின் ரசீதில் வரும் எண்ணோடு ஒப்பிடவும் முடியும். கையேட்டில் இதற்கான வழி கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. இது கருவியின் முதல் குறை.

ஊதுவது எளிது என்று தோன்றும். அதிலும் பழக்கம் வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே சீராக ஐந்து வினாடி, "டிக்" என்ற ஒலி கேட்கும் வரை ஊத வேண்டும். மேலோட்டமாக ஊதினால் நுரையீரலின் அடிமூச்சு வராது, கருவி பிழை காட்டி நின்றுவிடும். கன்னத்தை உப்பிப் பாதி மூச்சில் நிறுத்துவது எல்லா ஓட்டுநருக்கும் தெரிந்த உத்தி, காவலருக்கும் தெரியும். எங்கள் கருவி அரைகுறை ஊதலை ஏற்காமல் மறுபடி கேட்கிறது என்பது பாராட்டத்தக்கது. ஊதுகுழலை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். கூடவே வந்தவை சீக்கிரமே தீர்ந்துவிடும், தனியாகப் பொட்டலமாகத்தான் வாங்க வேண்டும் என்பதை விற்பனைப் பக்கத்தில் முன்பே தெளிவாகப் போட்டிருக்கலாம். காவலர்கள் சில நேரம் குழல் இல்லாமலேயே கருவியை வாய்க்கு அருகில் நீட்டிப் பேசச் சொல்வதுண்டு. அது ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் முதல் சல்லடை. எண்ணுக்குக் குழல் போட்டு ஊத வேண்டும். எங்கள் கருவியிலும் அந்த முறை இருக்கிறது, நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை.

இந்தக் கருவி தன் விலைக்கு உண்மையான பயனைக் காட்டியது அதிகாலையில்தான். குடித்துவிட்டு உடனே வண்டி எடுக்கும் ஓட்டுநரைக் கண்டுபிடிக்கக் கருவியே தேவையில்லை, எதிரே நின்று பேசினால் போதும். எங்களுக்குப் பிடிபடாமல் இருந்தவர், முந்தின இரவு குடித்து, தூங்கி எழுந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, நன்றாகவே நடந்து பேசி நான்கு மணிக்கு வண்டியை எடுக்க வருபவர். அப்படி வந்த ஒருவர் ஊதியதில் 52 என்று வந்தது. அவர் அதிர்ந்துபோனார். "ராத்திரி குடிச்சதுங்ணா அது. தூங்கி எந்திரிச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தி, காப்பியும் குடிச்சாச்சுங். இன்னும் எப்படிங்ணா இருக்கும்?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. தூங்கினால் தீர்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பியிருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் வியப்பு இல்லை. டாஸ்மாக் கடையில் வாங்கும் ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். அதாவது ஏறத்தாழ 77 மில்லி, எடையில் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது 100 மில்லிக்கு 125 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றக்கூடியது. கல்லீரல் அதை மணிக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான், ஆளுக்கு ஆள் சற்றே கூடக் குறைய, கரைக்கிறது. இரவு 11 மணிக்குக் குடித்து முடித்தவருக்கு அதிகாலை 4 மணிக்கு இன்னும் 50 இருக்கும். குவார்ட்டரோடு ஒரு கட்டிங்கும் (90 மில்லி) சேர்ந்திருந்தால் 30-க்குக் கீழ் வருவதற்குக் காலை ஒன்பதரை தாண்டிவிடும். காப்பி, எலுமிச்சைச் சாறு, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த 15-ஐ 20 ஆக்காது. ஏலக்காயும் வெற்றிலையும் வாடையை மறைக்கும், எண்ணைத் தொடாது. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கருவி வந்த பிறகு ஆபீசில் நடந்த பெரிய மாற்றம் எதுவென்றால், ஓட்டுநர்கள் மறுநாள் ட்ரிப் நேரத்தை வைத்து முந்தின மாலையையே திட்டமிடத் தொடங்கியதுதான்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நாற்பது டன் எடையோடு இறங்குகிற வண்டிக்கு 52 என்ற எண் என்ன செய்யும் என்பதைச் சேலம், தர்மபுரிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கியரைக் குறைப்பதில் இரண்டு வினாடி தாமதம் போதும், பிரேக் டிரம் சூடேறிவிடும். அபராதத்துக்குப் பயந்து மட்டும் கருவி வாங்குபவர்கள் இந்த இறக்கத்தை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி முதலாளிகளுக்குச் சட்டத்தில் தனியாக ஒரு பொறுப்பு இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. 188ஆம் பிரிவின்படி, குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனைதான். ஆபீசில் கருவி வைத்து, 40 என்ற எண்ணைப் பார்த்த பிறகும் "பாத்துப் போயிட்டு வா" என்று சாவியைக் கொடுத்தால், தெரிந்தே அனுப்பியவர் ஆகிறோம். காப்பீட்டிலும் இதே நிலைதான். சொகுசுக் கார் விபத்து ஒன்றில் மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்யப்படாத நிலையிலும், ஓட்டியவர் மது போதையில் இருந்தார் என்பதைப் பிற சூழ்நிலைகளைக் கொண்டு காப்பீட்டு நிறுவனம் காட்ட முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. எனவே சோதனை நடக்கவில்லை என்றால் பிரச்சினை இல்லை என்ற தெம்பும் முதலாளிக்குக் கிடையாது. ஓட்டுநர் பிடிபட்டால் லைசென்ஸைக் கைப்பற்றித் தகுதிநீக்கத்துக்கு அனுப்பவும் 2019 திருத்தம் வழி செய்திருக்கிறது. கிளீனருக்குக் கனரக லைசென்ஸ் இல்லாவிட்டால் வண்டியை அவரிடம் ஒப்படைக்கவும் முடியாது. லோடோடு அங்கேயே நிற்கும்.

கருவிக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. கஞ்சாவையும் மயக்க மாத்திரைகளையும் அது காட்டாது. 185ஆம் பிரிவில் போதைப்பொருளும் அடங்கும் என்பதால் காவலர் அதையும் தேடுகிறார். தூக்கக் கலக்கத்தையும் அது காட்டாது. இரண்டு இரவு தொடர்ந்து ஓட்டியவரின் சிவந்த கண்ணும், தாமதமான பதிலும், தடத்திலிருந்து விலகும் வண்டியும் குடித்தவரைப் போலவே தோன்றும். அவர் ஊதினால் பூஜ்யம் வரும், காவலர் அனுப்பிவிடுவார். ஆனால் அவரும் ஆபத்தான ஓட்டுநர்தான். சர்க்கரை குறைந்து வியர்த்து, நாக்கு குழறுபவரும் அப்படியே. அவருக்குத் தேவை கருவி அல்ல, உடனடியாக ஏதாவது இனிப்பு. பச்சை விளக்கு என்பது "மது இல்லை" என்ற ஒன்றை மட்டுமே சொல்கிறது, "ஓட்டலாம்" என்று சொல்வதில்லை. இதனால்தான் மாமா சொன்ன வரிசையை நாங்களும் வைத்துக்கொண்டோம்: முதலில் ஆளைப் பார்ப்பது, ஒரு நிமிடம் பேசுவது, காகிதங்களை எடுத்துக் காட்டச் சொல்வது, அதன் பிறகு ஊதுவது.

கருவி மேல் எனக்குள்ள பெரிய வருத்தம், அளவுச் சீரமைப்பு. ஃப்யூயல் செல் காலப்போக்கில் தளரும். ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை தெரிந்த செறிவுள்ள வாயுவை வைத்துச் சரிபார்க்க வேண்டும். விற்றவர்கள் வாங்கும்போது "எங்கள் பொறுப்பு" என்றார்கள். நேரம் வந்தபோது கூரியர் செலவை நாமே ஏற்று வெளிமாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்; அனுப்பிய கருவி திரும்பி வரும் வரை மாற்றுக் கருவியும் தரவில்லை. திரும்பி வந்ததில் சான்றிதழ் இருந்தது, சரிபார்த்த தேதி இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கோவையிலோ சேலத்திலோ சீரமைப்பு செய்து தருபவர் இருக்கிறாரா என்று விசாரித்து, எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் விலை இரண்டாவது, இதுதான் முதலாவது.

மற்றபடி பேட்டரி நன்றாகத் தாங்குகிறது, திரை இருட்டிலும் தெரிகிறது, முந்தைய பதிவுகளைச் சேமித்து வைக்கிறது. அச்சிடும் வசதி உள்ள கருவி இன்னும் விலை கூடியது. பத்து வண்டிக்குக் கீழ் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை, ஒரு நோட்டில் தேதி, நேரம், வண்டி எண், அளவு எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கினால் போதும்.

ஓட்டுநர்கள் இதை முதலில் அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். "எங்களை நம்பலீங்களா?" என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாக, வண்டி எடுக்கும் யாரானாலும், நானோ என் தம்பியோ காரை எடுத்தாலும், அதே கருவியில் புதிய குழலை மாட்டி முதலில் ஊதுவது என்று வைத்தோம். இன்னொன்றும் செய்தோம். எண் வந்தால் அவர் வண்டி எடுக்க முடியாது, அந்த ட்ரிப் அடுத்தவருக்குப் போகும். ஆனால் எண் வந்தவர் ஆபீஸ் கட்டிலில் படுத்துத் தூங்கலாம், சாப்பாடு உண்டு, பாதி பேட்டாவும் உண்டு; அடுத்த லோடு அவருக்குத்தான். முழுப் பேட்டாவையும் வெட்டினால், எண் வரும் என்று தெரிந்தவர் ஆபீசுக்கு வராமல் நேராக வண்டி நிற்கும் பங்க்குக்குப் போய் எடுத்துவிடுவார். பாதி கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, "ராத்திரி கொஞ்சம் சேர்ந்துருச்சுங்ணா, ஊதிப் பாத்துட்டே எடுக்கறனுங்" என்று தாங்களே முன்வந்து கருவியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.